செண்பகம் வாசித்த ஒன்பது வரி

என்னைக் கெட்டிக்கார நிருபன் என்று நான் நம்பியிருந்த காலம் மொத்தம் பதினொரு மாதம். வேறு யாரும் அப்படி நம்பியதாகத் தகவல் இல்லை.

அறுபதுகளின் கடைசி அது. சென்னை நாளிதழ் ஒன்றுக்குக் காஞ்சிபுரத்திலிருந்து ஊர்ச் செய்தி அனுப்பும் பகுதி நேர நிருபர் வேலை. செய்தியை எழுதி, உறையில் போட்டு, மாலை நான்கு மணி பஸ்ஸின் டிரைவரிடம் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் ஒருவர் வந்து வாங்கிக்கொள்வார். எனக்கு வயது இருபத்து மூன்று. நிருபர் என்றால் மூக்குக் கண்ணாடி வேண்டும் என்று ஒன்று வாங்கி மாட்டியிருந்தேன். வெறும் கண்ணாடி. (நிஜமாகவே பவர் வந்தது நாற்பத்திரண்டு வயதில்தான்.)

சாப்பாடு பிள்ளையார்பாளையத்தில் அக்கா வள்ளியின் வீட்டில். அக்காவின் கணவர் ஏகாம்பரம் மாமா பட்டு நெசவாளி. முன்னறை முழுவதையும் தறி எடுத்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் ஐந்தடி தரையில் குடும்பம் நடந்தது. அந்த ஐந்தடியில்தான் அவர்களுடைய ஒரே மகள் செண்பகம் வளர்ந்தாள்.

செண்பகம் எதையும் ஊர் வழக்கப்படி செய்த குழந்தை இல்லை. தவழவே இல்லை. உட்கார்ந்தபடியே நகர்ந்தாள். பத்தாம் மாதம் ஒரு நாள் எழுந்து, விழாமல், வாசல்வரை நடந்துபோய்த் திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள். எங்கள் பக்கத்தில் குழந்தைக்குப் பல் முளைத்தால் கொழுக்கட்டை, நடந்தால் அப்பம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பலகாரம் உண்டு. நடைக்கு அப்பம் சுட்டாயிற்று. பேச்சுக்கு என்று அக்கா எடுத்து வைத்திருந்த வெல்லத்தை எறும்பு தின்றது. அடுத்து வைத்ததையும் தின்றது. இரண்டரை வயதாகியும் செண்பகம் ‘அம்மா’ என்றுகூடச் சொல்லவில்லை.

பேசாததுகூடப் பரவாயில்லை. பார்ப்பாள். தரையில் உட்கார்ந்து, எதிரே ஓர் இடத்தைக் கண் கொட்டாமல் பார்ப்பாள். அந்த இடத்தில் நமக்கு ஒன்றும் தெரியாது. உதடு மட்டும் லேசாக அசையும். கூப்பிட்டால் திரும்பி, நம்மை அடையாளம் கண்டுகொண்டு, மறுபடியும் அங்கேயே பார்ப்பாள். நான் இரண்டொரு முறை அந்த இடத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்திருக்கிறேன். சுவர்தான் இருந்தது.

அவளுக்கு மூன்று வயது முடிந்த ஆடி மாதம், ஒரு மதியம். தெரு முழுக்கத் தறிச் சத்தம் கேட்டுப் பழகிய காதுக்கு, சாப்பாட்டு வேளையில் அது ஒரேயடியாக நின்றதும் நம் தலைக்குள் ஏதோ நின்றுவிட்டது போல் இருக்கும். அக்கா குழாயடிக்குப் போயிருந்தாள். மாமா நெசவாளர் சொசைட்டிக்குப் போயிருந்தார். வீட்டில் நானும் செண்பகமும். நான் பேப்பரைத் தரையில் விரித்து, குனிந்து, அச்சாகியிருந்த என் செய்தியை நாலாவது முறையாக வாசித்துக்கொண்டிருந்தேன். செண்பகம் எதிரில் இருந்தாள்.

“காலமானார்” என்று ஒரு குரல் கேட்டது.

நிமிர்ந்தேன். வாசலில் யாருமில்லை. குழந்தை என் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தது.

“என்னம்மா?”

“காலமானார்” என்றாள் செண்பகம். மழலை இல்லை. ஏற்ற இறக்கம் இல்லை. ரயில் நிலையத்தில் ரயில் தாமதம் என்று அறிவிக்கும் குரல் அது. கொஞ்சம் பொறுத்து, “துயரத்துடன்” என்றாள்.

பிறந்ததிலிருந்து வாய் திறக்காத குழந்தை முதன்முதலாகச் சொன்ன இரண்டு வார்த்தைகள் இவை. நான் எழுந்து வெளியே நடந்தேன். (ஒற்றைச் செருப்போடு ஓடினேன் என்பது அக்காவின் தரப்பு. நான் மறுத்திருக்கிறேன்.)

அன்று மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் பக்கத்து வீட்டுத் தேவராஜு இறந்துபோனார். ஆறு மாதமாகப் படுக்கையில் கிடந்தவர்தான். தெரு அந்த ஆறு மாதத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மதியத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. குழந்தை சொன்னதை நான்தான் டீக்கடையில் நாலு பேரிடம் சொல்லியிருந்தேன். செய்தி பரப்புவது என் தொழில்.

மறுநாள் எதிர்வீட்டுக் கன்னியம்மா வாசலில் நின்று, உள்ளே வராமலே பேசினாள். “வள்ளி, தப்பா எடுத்துக்காத. உம் பொண்ணு எங்க வூட்டுப் பக்கம் பாக்காம பாத்துக்கமா. எங்க மாமியாருக்கு வேற இருமல் இருக்குது.”

“கொயந்த பாத்தா இருமல் அதிகமாயிடுமாக்கா?”

“இருமல் அதிகமானா பரவால்லியே. நின்னுடப் போவுதுன்னுதான் சொல்றேன்.”

தெருவில் செண்பகம் வந்தால் பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். ஒருவர் வேப்பிலை அடிக்கச் சொன்னார். இன்னொருவர் ஆளே வைத்திருந்தார். அக்கா சோறு போடும்போது கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். “பல்லு மொளச்சா கொழுக்கட்ட சுடலாம். எழவு சொன்னா இன்னாத்தடா சுடறது?”

செண்பகம் நிறுத்தவில்லை. நாளுக்கு ஒன்றிரண்டாக, மத்தியான நேரத்தில், அதே குரலில் வந்தது. “அன்னார்.” “பிரிவால் வாடும்.” “சிவபதவி.” கேட்கும்போதெல்லாம் என் கழுத்துக்குப் பின்னால் யாரோ நிற்பது போல் இருக்கும். ஆறாம் நாள் சொன்னாள்: “மண்ணெண்ணெய் விநியோகத்தில் குளறுபடி.”

எனக்கு உடம்பு சிலிர்த்தது. இது வேறு சிலிர்ப்பு. எந்தப் பேயும் மண்ணெண்ணெய் விநியோகத்தைப் பற்றிப் பேசாது. அது நான் எழுதிய செய்தியின் தலைப்பு!

குழந்தை வாசிக்கிறது. யாரும் சொல்லிக் கொடுக்காமல், மூன்று வயதில், நாளிதழ் வாசிக்கிறது. பேப்பரைத் தூக்கி அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். உற்றுப் பார்த்தாள். புரியாத பாஷைக்காரரைப் பார்ப்பது போல என்னையும் ஒருமுறை பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குழந்தைக்குத் தூக்கம் வருகிறது என்று முடிவு செய்தேன். (சரிபார்க்காமல் எழுதாதே என்பது பத்திரிகைத் தொழிலின் முதல் விதி. நான்கு மணி பஸ் என்பது இரண்டாவது விதி.) அன்றே சென்னைக்கு எழுதிப் போட்டேன்.

செய்தி ஆசிரியரிடமிருந்து தபால் அட்டை வந்தது. அவர் அதிகம் பேசாதவர். அட்டையிலும் அப்படியே. குழந்தையைப் பள்ளித் தலைமையாசிரியர் முன்னிலையில் சோதித்து, அவருடைய சான்றோடு செய்தியைச் சனிக்கிழமை பஸ்ஸில் அனுப்ப வேண்டும். அது சரியாக அமைந்தால் சென்னை அலுவலகத்தில் காலியாக இருக்கும் நிருபர் இடம் எனக்கு. அமையாவிட்டால் என்ன என்று எழுதவில்லை. கீழே ஒரு வரி: ‘ஜவுளி நமச்சிவாயம் மோசமாமே? குறிப்பு தயார் செய்து அதே உறையில் வை.’

இதை விளக்க வேண்டும். பெரிய மனிதர் யாராவது நோயில் விழுந்தால், அவர் இறந்துவிட்டதாக ஒரு குறிப்பை முன்கூட்டியே எழுதி வைப்பது பத்திரிகை அலுவலக வழக்கம். எல்லாம் எழுதி, நேரத்துக்கு மட்டும் இடம் விட்டிருப்போம். அலுவலகத்தில் இதற்கென்று ஒரு மேஜை இழுப்பறை உண்டு. அதற்குள் படுத்திருப்பவர்கள் வெளியில் கல்யாணங்களுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

நமச்சிவாயம் பட்டு ஜவுளி வணிகர். பள்ளிக்கூடத்துக்குத் தாளாளரும் அவர்தான். நெஞ்சுவலி என்று சென்னை ஆஸ்பத்திரியில் மூன்று வாரமாக இருந்தார். திரும்பி வரமாட்டார் என்று ஊரே சொன்னது. ஒன்பது வரி எழுதினேன். அச்சுக் கோர்ப்பவர்கள் திட்டக்கூடாது என்று நான் எப்போதும் அச்சு எழுத்து மாதிரியே கொட்டை கொட்டையாக எழுதுவேன். என் கையெழுத்தைப் பற்றி எனக்குக் கர்வம் உண்டு. அந்தத் தாளை எழுது அட்டையில் வைத்துக் கிளிப்பால் பிடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணி. பள்ளிக்கூடம் விடுமுறை. பிள்ளைகள் இல்லாத பள்ளிக்கூடம் ஒரு மாதிரியான இடம். கரும்பலகையில் முந்தின நாள் தேதி அழியாமல் இருந்தது. விட்டத்தில் புறா நடக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. நான், அக்கா, மாமா, மாமாவின் தோளில் செண்பகம். தலைமையாசிரியர் சபாபதி சார் வாசலுக்கே வந்து, தாழ்ந்த குரலில், “பெரியவரும் வந்துக்கீறார்” என்றார்.

உள்ளே நாற்காலியில் நமச்சிவாயம் உட்கார்ந்திருந்தார்.

இரண்டு நாள் முன்புதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறார். நெற்றி நிறைய விபூதி. சட்டை மட்டும் பழைய அளவில் இருந்தது, உள்ளே இருந்தவர் பாதிதான். “நம்ம ஸ்கூல்ல அதிசயம் நடக்குதாம். நான் பாக்காமலா?” என்று சிரித்தார். நான் கும்பிட்டேன். அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு கும்பிட்டேன். அப்போதே அந்தத் தாளைக் கிழித்திருக்கலாம். எழுதிய செய்தியைக் கிழிப்பவன் பத்திரிகைக்காரன் இல்லை என்று ஒரு கொள்கை வைத்திருந்தேன். மேலே ஒரு வெள்ளைத் தாளைச் செருகி மறைத்தேன்.

“மொதல்ல காதத் தொடட்டும்” என்றார் சபாபதி சார்.

அந்தக் காலத்தில் பிறந்த தேதிக்குக் காகிதம் ஏது? வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது. தொடாவிட்டால் அடுத்த வருஷம்.

“சார், சேக்கறதுக்கு வரலீங்க. படிக்கறதக் காட்டத்தான் வந்தோம்” என்றாள் அக்கா.

“எதுக்கு வந்தாலும் ஸ்கூலுக்குள்ள வந்தா காதுதாம்மா மொதல்ல.”

செண்பகத்தின் கை உச்சந்தலையோடு நின்றுவிட்டது. சார் ஒரு நோட்டில் ‘எட்டவில்லை’ என்று எழுதிக்கொண்டார். பிறகு ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை அவளுக்கு நேரே விரித்துப் பிடித்தார். பேச்சில்லை. பேப்பரைப் பிடித்தார். இல்லை. கரும்பலகையில் ‘அம்மா’ என்று எழுதினார். செண்பகம் சாக்பீஸைப் பார்த்தாள்.

“தம்பி” என்றார் சார் என்னிடம். “பாப்பா படிச்சத நீ கேட்டியா, இல்ல நீ படிச்சதப் பாப்பா கேட்டுச்சா?”

நமச்சிவாயம் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் பிடித்தது. மாமா தலையைக் குனிந்துகொண்டார். “வா மச்சான், போலாம்” என்றார் மெதுவாக. மணி மூன்று. நான்கு மணி பஸ்ஸில் என் சென்னை வேலை ஜன்னலோரமாக உட்கார்ந்து போவது எனக்குக் கண்ணில் தெரிந்தது.

சோதனையின் முடிவை நேர்மையாகக் குறித்துக்கொள்ளலாம் என்று, குழந்தைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து, அட்டையை மேஜைமேல் வைத்தேன். மேலே இருந்த வெள்ளைத் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ‘சோதனை’ என்று எழுதினேன். அடுத்த வார்த்தை எழுத மனம் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். பவர் இல்லாத கண்ணாடியை அவ்வளவு அக்கறையாகத் துடைத்தவன் நானாகத்தான் இருப்பேன்.

“காலமானார்.”

அதே குரல். விட்டத்துப் புறாவும் நின்றது.

“காஞ்சிபுரம் பட்டு ஜவுளி வணிகர் நமச்சிவாயம்” என்றாள் செண்பகம்.

சபாபதி சார் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். அக்காவின் கை வாய்க்குப் போயிற்று.

“இன்று…” என்று சொல்லி நிறுத்தினாள். அந்த இடத்தில்தான் நான் நேரத்துக்கு இடம் விட்டிருந்தேன். செண்பகம் கண்ணை உயர்த்தி நமச்சிவாயத்தைப் பார்த்தாள். அவர் சொல்வார் என்று காத்திருப்பது போல் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அவருடைய மூச்சு உள்ளே போவதும் வெளியே வருவதும் கேட்டது. உள்ளே போனது எப்போது வெளியே வரும் என்று நாங்கள் எல்லோருமே காத்திருந்தோம். பிறகு அவள் விரலைத் தாளில், அந்த வெற்றிடத்தில் வைத்து, “இங்க இல்ல” என்றாள். “மணிக்குக் காலமானார். அவருக்கு வயது எழுபத்தொன்று.”

தாளுக்கும் என் கைக்கும் நாலு அங்குல தூரம். நீட்டி மூடியிருக்கலாம். நான் மூடவில்லை. பயத்தில் கை வரவில்லை என்று வெகுநாள் சொல்லிவந்தேன். உண்மை என்னவென்றால், எனக்குள் இருந்த நிருபன் ‘படிக்கிறாள், படிக்கிறாள்’ என்று மகிழ்ந்துகொண்டிருந்தான்.

“யம்மா, புள்ளயத் தூக்குமா!” என்று சார் கத்தினார்.

மாமாதான் தூக்கப் போனார். போனவர் குனிந்து தாளைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “தலகீயா படிக்குதுபா” என்றார். “மச்சான், அதுக்குத் தலகீயாத்தான் எழுத்து தெரியும்.”

அவர் காது சிவந்துபோயிற்று. பிறகு, பெரியவர் முன்னால், இதுவரை வீட்டில்கூடச் சொல்லாததைச் சொன்னார். அவருக்கு வாசிப்பு சரளமாக வராது. எழுத்துக் கூட்டி, விரல் வைத்துத்தான் வரும். யாரும் பார்க்கக்கூடாது என்று, அக்கா குழாயடிக்குப் போகும் நேரமாகப் பார்த்து, நான் போட்டுவிட்டுப் போகும் பேப்பரைத் தரையில் விரித்து, முணுமுணுத்துப் படிப்பார். பேசாத குழந்தைதானே என்று அது எதிரில் இருந்ததைப் பொருட்படுத்தவில்லை. பத்து மாதமாக இது நடந்திருக்கிறது. அவர் விரல் போன வழியெல்லாம் அது எதிர்ப்பக்கத்திலிருந்து போயிருக்கிறது.

“சரி, அது ஏய்யா காலமானார் மட்டும்?” என்றார் சார், இன்னும் உட்காராமல்.

“அதத்தான் சார் மொதல்ல படிப்பேன். யாரு போனாங்கன்னு தெரியாம எழவுக்குப் போவாம இருந்துட்டா மொகத்துல முழிக்க முடியுமா?”

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் நாற்காலியைப் பார்த்தோம். நமச்சிவாயம் இரண்டு கையையும் கைத்தடி மேல் வைத்துக்கொண்டு குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேல இருக்குதாம்மா?” என்றார்.

செண்பகம் படித்தாள். அன்னாருக்கு இரண்டு மகன்கள். அன்னார் எளிமையானவர். இறுதிச் சடங்கு. கடைசிப் புள்ளிவரை படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

“அவ்ளோதானா?”

தாளை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, நகத்தால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு போனார். “ஒம்போது வரி” என்றார். “இந்த ஸ்கூல் கட்டினது எங்க? கோயிலுக்குத் தேர்ச்சக்கரம் செஞ்சு குடுத்தது எங்க? தம்பி, நான் செத்தா ஒம்போது வரியா?”

“இடம் இருந்தா கூட்டுவாங்க ஐயா” என்றேன்.

(இந்தப் பதிலை நினைத்து இன்றும் சில நாள் குளிக்கும்போது தனியாகக் கத்துகிறேன்.)

அவர் தாளை மடித்து வைத்துக்கொண்டு எழுந்து போனார். சான்று தர சார் மறுத்துவிட்டார். நான்கு மணி பஸ் உறை இல்லாமல் போயிற்று.

பிறகு வந்த ஏழு நாட்களை நான் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். பள்ளிக்கூடத்தில் நடந்தது இரவுக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. இந்த முறை நான் யாரிடமும் சொல்லவில்லை. தலைகீழ் வாசிப்பை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குழந்தை பெயர் சொல்லிவிட்டது, நேரம் மட்டும் பாக்கி என்பதுதான் பேச்சு. நமச்சிவாயத்தின் வீட்டைத் தாண்டிப் போகிறவர்கள் நடையைக் குறைத்து உள்ளே காது கொடுத்தார்கள். அவர் போய்ச் சேர்ந்தால் செண்பகம் வாழ்நாள் முழுக்க எமன் வீட்டுப் பெண். எனக்கோ இருக்கும் வேலையும் போய்விடும். தினமும் காலை ஆறு மணிக்கு அவர் வீட்டெதிர் டீக்கடையில் போய் நின்றேன். கதவு திறக்கும். வேலைக்காரி கோலம் போடுவாள். கோலம் போட்டால் ஒரு நாள் தப்பியது என்று டீயைக் குடித்துவிட்டுத் திரும்புவேன். ஆறாம் நாள் கோலம் போட நேரமாயிற்று. அன்று மூன்று டீ குடித்தேன்.

எட்டாம் நாள் அவரே வெளியே வந்தார். கைத்தடியை ஊன்றித் தெருவைக் கடந்து, நேராக என்னிடம் வந்தார்.

“இன்னா தம்பி, இன்னும் மணி போடலியா?”

டீக்கடை முழுதும் சிரித்தது. கன்னியம்மாவின் மாமியார்கூட அன்று செண்பகத்தைக் கூப்பிட்டு வாழைப்பழம் கொடுத்ததாகக் கேள்வி. அக்கா அன்று வெல்லம் வாங்கினாள்.

நமச்சிவாயம் என் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். என்னை நீக்கச் சொல்லி இல்லை. விட்டுப்போனவை என்று நான்கு பக்கம் சேர்த்து அனுப்பியிருந்தார். செய்தி ஆசிரியர் என்னைச் சென்னைக்குக் கூப்பிட்டார். வேட்டி சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் போனேன். நிருபர் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார்.

“இத்தனை வருஷத்தில்” என்றார் செய்தி ஆசிரியர், “சம்பந்தப்பட்டவரே படித்துவிட்டு இன்னும் வேண்டும் என்று கேட்டது இதுதான் முதல் தடவை.” சுவரோரம் இருந்த ஒரு மேஜையைக் காட்டினார். அது காலமானார் பகுதி. அதில் இருபத்தாறு வருஷம் இருந்தேன். நமச்சிவாயம் இன்னும் ஒன்பது ஆண்டு வாழ்ந்தார். ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் திருத்தம் அனுப்பினார். கடைசியில் அவர் போன அன்று புயல் செய்தி வந்து இடத்தை அடைத்துக்கொண்டது. பதினொரு வரிதான் போட முடிந்தது.

செண்பகத்தை அடுத்த வருஷமே, காதைத் தொடாமலே, பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள். சபாபதி சார் மட்டும் தன் மேஜைக்கு எதிரே அவளை உட்கார வைத்ததில்லை. ஒரே மாதத்தில் எல்லோரையும் போல நேராகப் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். ஊர் அவளை மறந்தேபோனது. என்னை உறவுக்காரர்கள் மறக்கவில்லை. யாருக்குக் காய்ச்சல் என்றாலும் டாக்டருக்கு ஆள் அனுப்புமுன் ஒரு குரல் எழும்: “அவனுக்குச் சொல்லாதீங்க, எழுதி வெச்சிடுவான்.” எனக்குப் பெண் பார்த்தபோது, பெண்ணின் தாத்தாவை உள்ளறையில் ஒளித்து வைத்திருந்தார்கள்.

போன மாதம் ஏகாம்பரம் மாமாவுக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். இரண்டு கண்ணுக்கும் சேர்த்துக் கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். “மாமா, எப்படி இருக்கீங்க?” என்றேன். குரலைக் கேட்டதும் அவர் கை காற்றில் துழாவிக்கொண்டு வந்து, என் தோளைப் பிடித்து, இறங்கி, சட்டைப் பையைத் தொட்டது. உள்ளே விரலை விட்டு மூலைவரை தடவியது.

“காலிதானே மச்சான்?”

“காலிதான் மாமா.”

“அப்ப உக்காரு.”